முரட்டுக் கறி எப்போது குழையும்?

மாட்டுக்கறி சமைக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். "ஒன்றரை மணி நேரம் வேக வைத்தேன், இன்னும் மெல்லவே முடியவில்லை. எங்கே தப்பு?" பெரும்பாலும் எங்கேயும் தப்பு இல்லை. அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மாட்டுக்கறி வேகும்போது நடுவில் ஒரு கட்டம் வரும். அப்போது கறி, பச்சையாக இருந்ததைவிட இறுகிப்போய் இருக்கும். அதைப் பார்த்து "இது வேகாத கறி, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று கைவிடுகிறவர்கள் உண்டு. "ஐயோ, அதிகம் வெந்துவிட்டது" என்று பதறி இறக்கி வைக்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் பாதி வழியில் நின்றவர்கள். அந்த நடுக்கட்டம் ஏன் வருகிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால், அப்புறம் எந்தச் சமையல் குறிப்பும் இல்லாமலே இருபது பேருக்குச் சமைக்கலாம்.

நான் இருப்பது ஜோஹன்னஸ்பர்க்கில். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் பல வீடுகளில் மாட்டுக்கறிதான். தென்னாப்பிரிக்காவில் நிலைமை வேறு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கியவர்களில் தொடங்கி, இங்கே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்கள். அந்த வீடுகளில் பலவற்றில் மாட்டுக்கறி சமைக்க மாட்டார்கள். விசேஷம் என்றால் ஆட்டுக்கறிதான். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் இரண்டும் உண்டு. மாட்டுக்கறி சாப்பிடாதவர்களும் இதைப் படிக்கலாம், ஏனென்றால் இங்கே சொல்லப்போகிற விஷயம் ஆட்டின் கழுத்துக்கும் கால் எலும்புக்கும் அப்படியே பொருந்தும். நேரம் மட்டும் கொஞ்சம் குறையும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கறிக்குள் இரண்டு சமாச்சாரம்

சதை என்று நாம் பார்ப்பது நீளநீளமான தசைநார்கள். வைக்கோலைக் கயிறு போட்டுக் கட்டுக்கட்டாக அடுக்கியது போல, அந்த நார்களைச் சின்னச் சின்னக் கட்டுகளாகச் சேர்த்துப் பிடித்திருப்பது ஜவ்வு. ஜவ்வின் பெரும்பகுதி கொலாஜன் என்கிற புரதம். நாருக்கும் ஜவ்வுக்கும் சூடு பட்டால் ஒரே மாதிரி எதுவும் நடப்பதில்லை. சமையலில் குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

நார்களுக்கு அதிகச் சூடு பிடிக்காது. 50 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். 65, 70 டிகிரிக்கு வரும்போது நன்றாக இறுகி, தன்னிடம் இருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும். சட்டியில் தண்ணீரே ஊற்றாமல் கறியைப் போட்டு வதக்கினாலும் பத்து நிமிடத்தில் தளதளவென்று தண்ணீர் நிற்கிறதே, அது இதுதான். இரண்டு கிலோ போட்ட கறி வெந்ததும் ஒன்றரை கிலோ மாதிரி தெரிவதற்கும் இதுவே காரணம். சில துண்டுகள் மூன்றில் ஒரு பங்கு எடையைக்கூட இழந்துவிடும்.

ஜவ்வு வேறு ஜாதி. 60 டிகிரி தாண்டியதும் அதுவும் முதலில் சுருங்கத்தான் செய்கிறது. சுருங்கும்போது நார்க்கட்டுகளை இன்னும் பலமாக நெரிக்கிறது. நார் ஒரு பக்கம் இறுகுகிறது, ஜவ்வு இன்னொரு பக்கம் நெரிக்கிறது; கடித்தால் பல் வலிக்கிற கட்டம் இது. சூட்டையும் ஈரத்தையும் விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஜவ்வில் உள்ள கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். கட்டிப் பிடித்திருந்தது போய்விட்டதால் நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும். கரண்டியால் லேசாக அழுத்தினாலே துண்டு பிரியும். நார்கள் அப்போதும் இறுகித்தான் இருக்கின்றன, இழந்த தண்ணீர் திரும்ப வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாரையும் சுற்றி ஜெலட்டின் பூசினாற்போல் இருப்பதால், வாயில் வைக்கும்போது கறி வறட்சியாகத் தெரிவதில்லை. குழம்பு விரலில் ஒட்டுகிற பதத்துக்கு வருவதும் இந்த ஜெலட்டினால்தான்; மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்க வேண்டியதே இல்லை.

இந்த மாற்றம் 70 டிகிரியிலும் நடக்கும், ஆனால் மணிக்கணக்கில் ஆகும். 90க்கு மேல் வேகமெடுக்கும். எப்படிப் பார்த்தாலும் அவசரப்படுத்த முடியாத வேலை.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் கீழ்க்கால் கறி வாங்குங்கள். இங்கே கறிக்கடையில் ஷின் என்று கேட்டால் எலும்போடு வட்டமாக அறுத்துக் கொடுப்பார்கள். நடுவில் மஜ்ஜை எலும்பு. சுற்றி நாலைந்து தனித்தனிச் சதைகள். அவற்றுக்கு இடையில் வெள்ளை வெளேரென்று கோடுகள். அந்தக் கோடுதான் ஜவ்வு. பச்சையாக இருக்கும்போது நகத்தால் கீறினால்கூட இறங்காது. வேகத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். வட்டம் சுருங்கி நடுப்பகுதி மேடாக எழும்பியிருக்கும், சதை சாம்பல் நிறத்தில் இறுகி முட்கரண்டியை எதிர்த்துத் தள்ளும். கோடு இன்னும் வெள்ளையாகவே இருக்கும். இரண்டு மணி நேரம் ஆனதும் வெள்ளை மங்கி, ஓரங்களில் கண்ணாடி நிறம் வரும். மூன்று மணி நேரத்தை நெருங்கும்போது கோடு முழுக்கத் தெளிந்து, தட்டைத் தட்டினால் ஆடும். சதை எலும்பைவிட்டு விலகி நிற்கும். அடுப்பை அணைக்க வேண்டியது அப்போதுதான். கடிகாரத்தைவிட இந்தக் கோட்டை நம்புங்கள்.

எந்தக் கறி வாங்குவது

"நல்ல கறியா வேண்டும்" என்று கேட்டு, விலை அதிகமான ஃபில்லட்டையோ ரம்ப்பையோ வாங்கி வந்து குழம்பு வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. மாடு அதிகம் வேலை வாங்காத முதுகு, இடுப்புப் பகுதிச் சதை அது. அதில் ஜவ்வு மிகக் குறைவு. பத்து நிமிடம் தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் அருமையாக இருக்கும். மூன்று மணி நேரம் வேக வைத்தால் ஜெலட்டினாக மாற அதில் ஒன்றும் இல்லாததால், வறண்ட நூல்தான் மிஞ்சும்.

குழம்புக்கும் கூட்டத்துக்கும் வேண்டியது நடந்து, மேய்ந்து, தலையைத் தூக்கித் தாழ்த்தி உழைத்த பகுதிகள்: கீழ்க்கால், கழுத்து, நெஞ்சுக்கறி, தோள்பட்டை, வால். வால் ஒரு காலத்தில் ஏழைகளின் கறி. இப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் வாலின் விலையைப் பார்த்தால் அப்படி யாரும் சொல்ல முடியாது. ஊரே அதன் ருசியைக் கண்டுகொண்டது. என் கணக்கில் கீழ்க்கால் கறியே போதும். வாலில் கிடைக்கிற அதே பிசுபிசுப்பு இதிலும் கிடைக்கும், எலும்பு குறைவு, விலையும் குறைவு.

பெரிய கடைகளில் துண்டு போட்டுப் பொட்டலமாக விற்கும் 'ஸ்ட்யூயிங் பீஃப்', 'கூலாஷ்' விஷயத்தில் கவனம் தேவை. பல பகுதிகளின் வெட்டு மிச்சங்கள் அதில் கலந்து கிடக்கலாம். ஒரு துண்டு ஒன்றரை மணி நேரத்தில் வெந்து, பக்கத்துத் துண்டு மூன்று மணி நேரம் கேட்டால் நாம் எதற்கென்று பார்ப்பது? பெரிய துண்டாக வாங்கி வீட்டில் நாமே வெட்டுவதுதான் நல்லது. துண்டு பெரிதாகவே இருக்கட்டும், எலுமிச்சம்பழ அளவுக்குக் குறையக் கூடாது. சுருங்குகிற கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா?

மாட்டின் வயதும் ஒரு விஷயம். வயது ஏற ஏறக் கொலாஜன் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கரைய அதிக நேரம் கேட்கும். தென்னாப்பிரிக்காவில் மாட்டின் பல்லைப் பார்த்து வகுப்புப் பிரிக்கிறார்கள். நிலைப்பல் முளைக்காத இளசு 'ஏ' வகுப்பு. ஒன்று இரண்டு முளைத்திருந்தால் 'ஏபி'. மூன்று முதல் ஆறு வரை 'பி'. அதற்கு மேல் 'சி'. வெட்டிய உடலின் மேல் நீளவாக்கில் மை முத்திரை உருட்டியிருப்பார்கள்: ஏ-க்கு ஊதா, ஏபி-க்குப் பச்சை, பி-க்குப் பழுப்பு, சி-க்குச் சிவப்பு. பெரிய கடைகளில் பெரும்பாலும் ஏ-தான் கிடைக்கும். தெருமுனைக் கறிக்கடையில் கொழுப்பின் மேல் சிவப்புக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது முதிர்ந்த மாடு, அவ்வளவுதான். சுட்டுத் தின்ன உதவாது. ஆனால் குழம்பில் அதன் வாசனையும் ருசியும் இளசுக்கு வராது. இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பக்ரீத் குர்பானிக் கறியை அன்றைக்கே சமைக்கிற வீடுகளில் "இந்த வருஷம் கறி வேகவே இல்லை" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துப்போகும். அந்த விறைப்பு இருக்கும்போதே அடுப்பில் ஏற்றினால் எந்தக் கறியும் முரண்டு பிடிக்கும். ஒரு நாளாவது குளிர்பெட்டியில் வைத்து, விறைப்பு தளர்ந்த பிறகு சமையுங்கள். அன்றைக்கே சமைக்க வேண்டுமானால் ஈரலைச் சமைக்கலாம், அதில் இந்தப் பிரச்சினை இல்லை.

டர்பனில் வெந்த கறி இங்கே ஏன் வேகவில்லை

டர்பனிலிருந்து இங்கே வேலைக்கு மாறி வந்த ஒரு தம்பி ஒரு நாள் போன் பண்ணினான். "அக்கா, அதே சட்டி, அதே மசாலா, அம்மா சொன்ன அதே இரண்டரை மணி நேரம். கறி கல்லு மாதிரி இருக்கு." நான் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, நீ இப்ப எவ்வளவு உயரத்துல இருக்கேன்னு தெரியுமா?"

டர்பன் கடலோரம். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் குழம்பின் சூடு ஏறாது, தண்ணீர்தான் வேகமாக வற்றும். ஆறு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் கொலாஜன் கரைகிற வேகம் சூட்டைப் பொறுத்தது என்பதால் அந்த ஆறு டிகிரிக்கு விலை உண்டு. கடலோரச் சமையல் குறிப்பில் இரண்டரை மணி நேரம் என்று இருந்தால், இங்கே கால் பங்கு கூட்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டும். மூடி நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும், தண்ணீரும் இடையிடையே பார்த்து ஊற்ற வேண்டும்.

பிரஷர் குக்கர் இந்த மலைநாட்டில் இவ்வளவு உதவுவது இதனால்தான். கடலோரத்தில் குக்கருக்குள் சூடு 120 டிகிரியைத் தொடும். இங்கே அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறையும், அது பெரிய வித்தியாசமில்லை. கீழ்க்கால் கறி நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும், வாலுக்கு ஒரு மணி நேரம். விசில் எண்ணுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் கூவும். ஒருத்தர் வீட்டு எட்டு விசில் இன்னொருத்தர் வீட்டில் பதினைந்து. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடக் கணக்கு வையுங்கள். ஆவியையும் தானாக இறங்க விடுங்கள். வெயிட்டைத் தூக்கிச் சட்டென்று ஆவியை விட்டால் உள்ளே குழம்பு திடீரென்று பொங்கும், கறியில் மிச்சமிருந்த ஈரமும் அதோடு போகும்.

அப்படியானால் சட்டியில் மூன்று மணி நேரம் நிற்பானேன்? குக்கரில் தண்ணீர் வற்றாது, அதனால் குழம்பு நீர்த்து நிற்கும், மசாலாவும் கறியும் இரண்டு பட்டுத் தெரியும். குக்கரில் வேக வைத்தவர்கள் கடைசியில் மூடியைத் திறந்து கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் அந்தக் குறை பாதி தீரும்.

முதலில் சிவக்க வைப்பதா, கடைசியிலா

ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் எல்லாம் கறியை முதலில் எண்ணெயில் சிவக்க வாட்டச் சொல்கின்றன. "சாறு உள்ளே அடைபடும்" என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். அது உண்மையில்லை, வாட்டிய கறியிலிருந்தும் தண்ணீர் வெளியே வரத்தான் செய்யும். சிவப்பதால் கிடைப்பது வாசனையும் ருசியும். அந்த ருசி பிறக்க மேல்பரப்பு 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். கறியின் மேல் ஈரம் இருக்கிற வரை சூடு 100-ஐத் தாண்டாது. அதனால்தான் ஒரே நேரத்தில் இரண்டு கிலோவைச் சட்டியில் கொட்டினால் சிவக்காமல் வேகத் தொடங்கிவிடுகிறது. முதலில் வாட்டுவதாக இருந்தால் ஈரத்தைத் துடைத்து, நாலு தடவையாகப் பிரித்துப் போட வேண்டும்.

நம் முறை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். வெங்காயம் வதக்கி, இஞ்சிபூண்டு, மசாலாத்தூள் போட்டு, கறியை மொத்தமாகக் கொட்டிப் பிரட்டி, அது விட்ட தண்ணீரிலேயே வேகவிட்டு, கடைசியில் சுருள வதக்குகிறோம். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து வருகிற நொடியிலிருந்து சூடு 100-ஐத் தாண்டுகிறது. அப்போதுதான் கறி நிறம் மாறுகிறது. மாட்டுக்கறிச் சுக்காவின் ரகசியம் முழுக்க அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் முன்னால் செய்வதை நாம் பின்னால் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு நம் வழியே பிடிக்கும். வேகாத கறியை வாட்டுவதைவிட, ஜெலட்டின் பூசிய கறியை மிளகு, கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லோடு வறுக்கும்போது ஓரங்கள் மொறுமொறுப்பாகும்.

பப்பாளிக்காய் போடுவதைப் பற்றியும் கேட்பார்கள். பப்பாளியில் உள்ள பபைன் புரதத்தை அறுக்கும், உண்மைதான். ஆனால் அது மேல்பரப்பில்தான் வேலை செய்யும். கொஞ்சம் அதிகமானால் வெளிப்புறம் கூழாகி உள்ளே கடினமாகவே இருக்கும். சட்டென்று வறுத்து எடுக்கிற மெல்லிய துண்டுகளுக்குச் சரி, மூன்று மணி நேரம் வேகப் போகிற கறிக்குத் தேவையே இல்லை.

பத்துப் பேருக்கு ஒரு சட்டி

எலும்போடு கீழ்க்கால் கறி மூன்று கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பில்லாமல் என்றால் இரண்டேகால் கிலோ போதும். வால் என்றால் நாலரைக் கிலோவாவது வேண்டும். சமைப்பதற்கு முந்தின இரவே இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக உப்பும், மஞ்சளும் தடவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்க நேரம் வேண்டும். குழம்பு முடியும்போது போடுகிற உப்பு குழம்பில்தான் நிற்கும்.

கனமான சட்டியில் முக்கால் தம்ளர் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, அன்னாசிப்பூ, சோம்பு, பிரிஞ்சி இலை, இரண்டு கொத்து கறிவேப்பிலை. நாலு பெரிய வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்குங்கள். இதில் அவசரம் வேண்டாம். மூன்று மேசைக்கரண்டி இஞ்சிபூண்டு விழுது. அடுத்து டர்பன் பாணி மசாலாத்தூள் நாலு மேசைக்கரண்டி. டர்பனுக்குப் போகிறவர்கள் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் குவியல் குவியலாக வைத்திருப்பார்களே, அந்தச் சிவப்பு மசாலா. 'மாமியார் மசாலா' என்ற பெயரில் விற்பதை வாங்கினால் அளவைப் பாதியாக்குங்கள், காரம் அப்படி. தூளை எண்ணெயில் அரை நிமிடம் மட்டும் வறுத்துக் கறியைக் கொட்டிப் பிரட்டுங்கள். கறி தண்ணீர் விட்டு, அது பாதி வற்றும் வரை மூடாமல் வைத்து, பிறகு நாலு தக்காளி அரைத்து ஊற்றி, கறி முக்கால்வாசி மூழ்குகிற அளவு வெந்நீர் விட்டு மூடிவிடுங்கள். முழுக்க மூழ்கடிக்க வேண்டாம்.

தீ எவ்வளவு? ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். தளபுள என்று கொதித்தாலும் சூடு அதேதான், கறி உடைந்து தண்ணீர் வற்றுவதுதான் மிச்சம். அடுப்பைக் காவல் காக்க நேரமில்லாதவர்கள் மூடிய சட்டியை அப்படியே 150 டிகிரி ஓவனில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

உருளைக்கிழங்கைக் கடைசி ஐம்பது நிமிடத்தில் போடுங்கள். டர்பன் சமையல்காரர்கள் 'அப்-டு-டேட்' என்கிற வகைக் கிழங்கைத்தான் தேடி வாங்குவார்கள். ஓரம் கரைந்து குழம்போடு சேரும், நடு அப்படியே நிற்கும். புளிப்பு இருக்கிற குழம்பில் கிழங்கும் பயறும் மெதுவாகத்தான் வேகும், இதை மறந்துவிடாதீர்கள். தக்காளி, புளி, வினிகர் எது இருந்தாலும் காய்கறியின் செல்சுவர் சீக்கிரம் தளராது. அதனால் சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பயறைச் சேர்க்கிற எண்ணம் இருந்தால் இரவே ஊறவைத்து, தனியாக, புளிப்பு இல்லாத தண்ணீரில் குழைய வேக வைத்து, பிறகு கறியோடு சேருங்கள். வேகாத பயறைத் தக்காளிக் குழம்பில் போட்டுவிட்டு வேகவில்லை என்று பயறைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

வெள்ளைக் கோடு தெளிந்ததும் மூடியை எடுத்து, எண்ணெய் மேலே மிதக்கிற வரை வற்றவிட்டு, ஒரு கட்டு கொத்தமல்லி தூவி இறக்குங்கள். சோறு, ரொட்டி, பாப் என்கிற மக்காச்சோளக் களி, சாம்ப் என்கிற உடைத்த மக்காச்சோளம் எதற்கும் ஒத்துப்போகும்.

வெளியே நெருப்பு மூட்டினால்

செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் வந்தால் இந்த நாட்டில் பாதிப் பேர் முற்றத்தில் நெருப்பு மூட்டி நிற்பார்கள். அதில் கம்பி வலையில் சுடுவது ஒரு கூட்டம். போய்க்கி வைப்பது இன்னொரு கூட்டம். போய்க்கி என்பது மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டி. கடையில் எண் சொல்லி வாங்க வேண்டும். மூன்றாம் எண் சட்டி ஏறக்குறைய எட்டு லிட்டர் பிடிக்கும், பத்துப் பேருக்கு அது சரியாக இருக்கும். இரும்பு கனமாக இருப்பதால் கங்கு தணிந்தாலும் சூடு சட்டென்று இறங்காது. மூடியும் கனம், ஆவி அதிகம் தப்பாது. ஜவ்வைக் கரைக்க இதைவிடத் தோதான பாத்திரம் கிடையாது என்பேன்.

போய்க்கியில் உள்ளூர்க்காரர்கள் ஒரு விதியைக் கறாராகப் பின்பற்றுவார்கள்: கிளறக் கூடாது. அடியில் கறி, அதற்கு மேல் கேரட், உருளை மாதிரிக் கெட்டிக் காய்கள், எல்லாவற்றுக்கும் மேல் சீக்கிரம் வேகிற காய்கள் என்று அடுக்கி, மூடி வைத்து, கங்கை மட்டும் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். காய்கறியை ஆரம்பத்திலேயே போட மாட்டார்கள். கறி முக்கால்வாசி வெந்த பிறகே அடுக்கு ஏறும். நம் மசாலாவோடு இது நன்றாகவே ஒத்துப்போகும், ஆனால் அடிபிடிக்காமல் இருக்க வெங்காயமும் தண்ணீரும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். கிளறாமல் இருக்கத் தமிழ்க் கை கேட்காது, அதை யாராவது பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பலர் வீட்டில் வொண்டர்பேக் வந்து சேர்ந்தது. 2008-இல் இந்த நாட்டில் உருவான, பஞ்சுமெத்தை போன்ற ஒரு பை. கொதிக்கிற சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அதற்குள் வைத்துக் கட்டிவிட்டால், மின்சாரமும் எரிவாயுவும் இல்லாமல் மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைக்கும். கொதிக்காமலே கறி வேகும் என்பதற்கு இதுவே சாட்சி. கொலாஜனுக்கு வேண்டியது நின்று நிதானித்த சூடு. சட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், பையில் வைப்பதற்கு முன் அரை மணி நேரமாவது அடுப்பில் கொதித்திருக்க வேண்டும். எடுத்த பிறகு மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் பரிமாற வேண்டும்.

முந்தின நாளே செய்துவிடலாமா

தாராளமாக. கூட்டத்துக்குச் சமைப்பதென்றால் நான் முந்தின நாளே முடித்துவிடுவேன். குளிர்ந்ததும் குழம்பு கட்டியாகி நிற்கும், அது ஜெலட்டின். மேலே ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு உறைந்திருக்கும். வேண்டிய அளவு விட்டுவிட்டு மிச்சத்தைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். சூடாக இருக்கும்போது இதைச் செய்ய முடியாது.

ஆனால் எட்டு லிட்டர் சட்டியை அப்படியே அடுப்படியில் ஆறவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பெரிய சட்டியின் நடுப்பகுதி விடியும் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட அந்தச் சூட்டில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்கிற கிருமி பல்கிப் பெருகும். கொதிக்கும் குழம்பிலும் சாகாத வித்துகள் அதற்கு உண்டு. சூடு இறங்கியதும் அவை விழித்துக்கொள்ளும். விருந்து சாப்பிட்ட மறுநாள் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், பாவம், பழி மசாலா மேல் விழும். குழம்பை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்து, நடுவிலும் குமிழி வருகிற வரை கொதிக்க வையுங்கள். சூடு பண்ணும்போது கறி முழுக்க வெந்திருப்பதால் கரண்டி பட்டால் உடையும். சட்டியின் காதைப் பிடித்துக் குலுக்கினாலே போதும்.

இதற்குப் பிறகும் மிஞ்சினால் எலும்பை எடுத்துவிட்டு, கறியைக் கையால் உதிர்த்துக் குழம்போடு வற்றவிட்டு வையுங்கள். துண்டு போடாத ரொட்டியைக் கால் பாகமாக வெட்டி, நடுவைத் தோண்டி, இதை நிரப்பி, தோண்டி எடுத்ததையே மூடியாக வைத்துவிட்டால் திங்கட்கிழமை மதியச் சாப்பாடு தயார். கூட ஒரு கேரட் சம்பல், இரண்டு பச்சைமிளகாய்.